மாப்பிள்ளையிடம் நீதான் சொல்ல வேண்டும்

அன்பு மகள் கயலுக்கு,

நாங்கள் நலம். கார் வாங்கிய சேதி உன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. சரி, அது இருக்கட்டும். இரண்டு பேரும் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கியது, எங்களுக்குப் பெருமைதான். அக்கா அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்க இடது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையாது போலிருக்கிறது. இன்னொரு படத்தில் மாப்பிள்ளை அந்தப் பக்கமே அடியில் படுத்திருக்கிறார். தாங்கலுக்கு வண்டியோடு வந்த ஜாக்கி மட்டும்தான் தெரிகிறது.

நான் நேராகச் சொன்னால் குறை சொல்வதாக நினைப்பார். நீ சொல்லு. அந்த வண்டியின் எடையைத் தாங்குவது இரும்புச் சுருள் இல்லை, ரப்பர் உறைக்குள் அடைத்த காற்று. வால்வு திறந்தால் அந்த மூலை அப்படியே இறங்கிவிடும். எஞ்சின் நின்ற பிறகும் உயரத்தைச் சரிசெய்யத் தானாகவே வால்வைத் திறக்கிற வண்டிகள் உண்டு. அதனால் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. வண்டியை அடியிலிருந்து தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி, அதாவது ஆக்சில் ஸ்டாண்டு வேண்டும், வண்டிப் புத்தகத்தில் காட்டியிருக்கும் இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். ஜாக்கி போடுமுன் லெவலிங்கை, அதாவது வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்வதை, அணைக்கும் முறையும் அதே புத்தகத்தில் இருக்கும்.

இனி கோளாறைப் பார்ப்போம். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த மூலையின் ஏர் ஸ்பிரிங்கிலோ (நான் சொன்ன காற்றடைத்த ரப்பர் உறை), அதற்குப் போகும் குழாய் இணைப்பிலோதான் பெரும்பாலும் கசிவு இருக்கும். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் எல்லா மூலைக்கும் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகப்படலாம். எல்லா மூலையும் இரவெல்லாம் நிற்கிறது, ஆனால் ஏறத்தான் நேரமாகிறது என்றால் காற்றை அழுத்தி ஏற்றும் கம்ப்ரசர் தளர்ந்திருக்கலாம்.

எது என்று தெரிய அளந்துதான் ஆக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பிறகு சஸ்பென்ஷனுக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் இந்தக் காற்று அமைப்புக்கு, மின்சாரம் போகும் ஃபியூஸைக் கழற்றுங்கள். கழற்றாமல் விட்டால், ஒரு மூலை இறங்கியதும் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும் வண்டிகள் இருக்கின்றன. காலையில் பார்த்தால் எந்த மூலை குற்றவாளி என்றே தெரியாது. விடிந்ததும், கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி அளக்க வேண்டும்.

இறங்கும் மூலை தெரிந்ததும் ஃபியூஸைப் போட்டு, வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, ஸ்டீயரிங்கை ஒடித்து வையுங்கள். ரப்பரின் மடிப்பு விரிந்தால்தான் வெடிப்பு கண்ணில் படும். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், லெவலிங்கை அணைத்துவிட்டு, சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் ஒட்டினாற்போல் ஸ்டாண்டை வையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரை நீளக் குழல் வைத்துப் பீய்ச்சுங்கள். பெரிய கசிவு உடனே குமிழ் விடும். ஊசித்துளை என்றால் மடிப்பின் ஓரத்தில் மெல்ல நுரை கட்டும், ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விடவே கூடாது.

குழாய் நுழையும் இடத்தில் குமிழ் வந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதில்லை. காற்றை முழுதும் இறக்கிய பிறகு குழாயைக் கழற்றி, நுனியைக் கூர்மையான பிளேடால் நேராகக் கொஞ்சம் வெட்டி, மறுபடி செருகினால் பல நேரம் சரியாகிவிடும். சாய்வாக வெட்டினால் திரும்பவும் கசியும்.

கசிவை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுவதுதான் செலவு வைக்கும். காற்று போகப் போகக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், சூடேறும், பிஸ்டன் ரிங் தேயும். கடைசியில் கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற பிறகும் மோட்டார் ஓடி எரிந்துபோகும். அதனால் கம்ப்ரசர் மாற்றினால் ரிலேயையும் மாற்றுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் இருக்கும் சிலிக்கா மணிகளும் ஈரம் குடித்திருக்கும், அவற்றையும் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த ஈரம் வால்வுக்குள் போய்த் துருவேறும். இவ்வளவும் செய்துவிட்டு ஸ்பிரிங்கின் கசிவை அடைக்காமல் விட்டால் புதுக் கம்ப்ரசரும் அதே வழியில்தான் போகும்.

கசிவே இல்லாமல் ஒரு மூலை கோணலாக நின்றால் உயர சென்சாரின் சிறு கம்பி கழன்றோ முறிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் கோளாறைக் கண்டுபிடிக்க எஞ்சின் கோளாறுக் குறியீடுகளை மட்டும் படிக்கும் சாதாரண ஸ்கேனர் உதவாது. சஸ்பென்ஷன் மாட்யூலை (அதைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) படிக்கிற ஸ்கேனர் வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் வீண் எச்சரிக்கை வரும், அதை முதலில் சோதியுங்கள்.

புது ஸ்பிரிங் போட்டால், வண்டியின் எடை அதன்மேல் இறங்குமுன் கொஞ்சம் காற்று ஏற்றியிருக்க வேண்டும். காலி ரப்பர்மேல் எடை விழுந்தால் மடிப்பு நசுங்கிக் கிழியும். வேலை முடிந்ததும் உயர அளவை ஸ்கேனரில் பதியச் சொல்லுங்கள். அதுவரை காற்றிறங்கி பம்ப் ஸ்டாப்பில் (அடியில் முட்டித் தடுக்கும் ரப்பர் கட்டை) உட்கார்ந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதே. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வழக்கம்போல் நடக்காது.

இத்தனை வருஷமும் எதையும் உன்னிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததில்லை. இதை மட்டும் சொல்கிறேன்: ஸ்டாண்டு இல்லாமல் மாப்பிள்ளை அடியில் போகக் கூடாது. அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இரவும் காலையும் எடுத்த எட்டு அளவையும் எனக்கு அனுப்பு. ஸ்டாண்டு வாங்கியாயிற்றா என்பதை இன்றைக்கே எழுது, மற்றதை மெதுவாக எழுதலாம்.

அன்புடன்,
அப்பா