‘தவறு’ என்று மட்டும் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைத்தான் என்னும் நிரலாக்க மொழியைப் புதிதாகக் கற்போரின் பயிற்சிகளை இப்போது பெரும்பாலும் கணினியே திருத்துகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ‘தவறு’ என்ற ஒற்றைச் சொல்லோடு அது நின்றுவிடுவதுதான் என் வருத்தம்.

ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்களையும் சேர்த்து வைத்துச் சராசரி தரும் ஒரு கிளாஸை, அதாவது ஆப்ஜெக்ட் எனப்படும் தனித்தனிப் பதிவுகளை உருவாக்கும் வார்ப்பை, எழுதும் பயிற்சியை, என்னிடம் பயிலும் மாணவி ஒருவர் அண்மையில் கொண்டுவந்தார். 80, 90 என்று கொடுத்தால் 85 என்று சரியாகவே வந்தது. ஆனால் தானியங்கித் திருத்தி அதை ஏற்கவில்லை. இரண்டு நாள் வரிவரியாகப் பார்த்தும் பிழை அகப்படாததால், தனக்கு நிரல் எழுத வராது என்றே அவர் முடிவுகட்டியிருந்தார். மதிப்பெண்களைச் சேர்க்கும் வெற்று லிஸ்டை (பட்டியலை), ஒவ்வொரு ஆப்ஜெக்ட் உருவாகும்போதும் இயங்கும் இனிட் மெத்தடுக்குள், அந்த ஆப்ஜெக்டைக் குறிக்கும் செல்ஃபுடன் சேர்த்து எழுதாமல், கிளாஸ் தொடங்கும் வரிக்கு நேர் கீழே அவர் எழுதியிருந்தார். அப்படி எழுதினால் எத்தனை ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் அனைத்துக்கும் அந்த ஒரே லிஸ்ட்தான். அவர் சோதித்தது ஒரே ஒரு மாணவரை வைத்து. நான் இரண்டாவது மாணவரை உருவாக்கி 40 மதிப்பெண் கொடுத்தபோது, முதலாமவரின் மதிப்பெண்களும் சேர்ந்துகொண்டு சராசரி 70 என்று வந்தது. ‘40 வர வேண்டும், 70 வந்தது’ என்று அந்தத் திருத்தி ஒரு வரி சொல்லியிருந்தால், அந்த 70 எங்கிருந்து வந்தது என்று அவரே தேடிக் கண்டுபிடித்திருப்பார்.

மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வேண்டிய இடத்தில், திரையில் காட்ட மட்டுமே செய்யும் பிரிண்ட் எழுதுவோரின் நிலையும் இதுவே: திரையில் விடை சரியாகத் தெரியும், திருத்திக்குப் போய்ச் சேர்வதோ வெற்று மதிப்பு.

வர வேண்டியது, வந்தது ஆகிய இரு மதிப்புகளையும் காட்டுவதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 2001இல் வெளிவந்த 2.1 பதிப்பு முதல் பைத்தானுடன் சேர்ந்தே வரும் யூனிட்டெஸ்ட் என்னும் சோதனைக் கருவி, மதிப்புகள் ஒத்துப்போகாதபோது இரண்டையும் தானாகவே எழுதிக் காட்டும். விடையைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள் என்று அஞ்சி அதை மறைப்போர் உண்டு. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு சோதனையை வெளிப்படையாகக் காட்டி, அதே சோதனையை வேறு எண்களுடன் மறைவாக வைத்தால், 40 என்று நேரே எழுதிவைப்பவர் அங்கே பிடிபட்டுவிடுவார்.

பயிற்சிகளை அமைப்போர் இம்மாற்றத்தைத் தொடக்கநிலைப் பாடங்களிலேனும் உடனே செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நிரலாக்க ஆசிரியர் ஒருவர்