தாள் தாளாகத் தேய்த்துக் கொடுத்தவருக்கு

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், பழைய மாணவர்களுக்கும், எங்களை நினைத்துக்கொண்ட எல்லோருக்கும்,

வணக்கம், ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்த வெள்ளத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஏரலுக்கும் ஆத்தூருக்கும் இடையில் தாமிரபரணி ஆற்றங்கரையில் வீடு வைத்திருக்கிற யாருக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருப்பவர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது போதும். பள்ளிக்கூடம் மறுபடியும் திறந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கரும்பலகைக்கு மேலே சேற்றுக்கோடு ஒன்று இருக்கிறது, வெள்ளையடித்தால் போய்விடும். இது நன்றி சொல்ல மட்டும் எழுதுகிற மடல்.

கடற்கரை ஊர்களிலிருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மாடியில் நின்றவர்களை இறக்கிய மீனவத் தம்பிகளுக்கு நன்றி. தங்கள் ஊரே தண்ணீரில் நிற்கும்போது எங்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டி அனுப்பிய காயல்பட்டினத்து முஸ்லிம் அண்ணன்மாரான காக்காமாருக்கு நன்றி. கோயிலில் அசன விருந்துக்கு மட்டுமே வெளியே எடுக்கும் பெரிய பாத்திரங்களை, யாரிடமும் கேட்காமல் அடுப்பில் ஏற்றிய சபையாருக்கும், அதில் கிளறிக் கிளறிக் கை கொப்பளித்த அக்காமாருக்கும் நன்றி. கிறிஸ்மஸ் கீதபவனிக்குச் சேர்த்த காசைப் பாய் வாங்கக் கொடுத்த வாலிபர் சங்கத்தார், பாளையங்கோட்டையிலிருந்து வந்து வகுப்பறைச் சேற்றை அள்ளிப் போட்ட கல்லூரிப் பிள்ளைகள், புதுப் பாடப்புத்தகமும் சீருடையும் சீக்கிரம் வந்துசேரப் பாடுபட்ட அலுவலர்கள், துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பணம் அனுப்பிய பழைய மாணவர்கள், எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் குறை இருக்கும்.

சரி, நான் எழுத வந்தது இஸ்திரிக் கடை அண்ணாச்சியைப் பற்றி.

பெயரைப் போடவில்லை. கேட்டதற்கு, “பேரப் போட்டுராதீய டீச்சர், துணியக் கேட்டு வந்துருவாவ” என்றார். கிறிஸ்மஸுக்குத் தேய்க்கக் கொடுத்த துணி மூட்டைகளோடு அவர் கடை ஆற்றோடு போயிருந்தது. அதில் எத்தனை பட்டுச்சேலை, எத்தனை வேட்டி என்று அவருக்குத்தான் தெரியும். சேற்றில் கிடைத்த கொஞ்சம் துணியை அலசிக் காயப்போட இடம் கேட்டுத்தான் பள்ளிக்கூட வராந்தாவுக்கு வந்தார்.

நான் அப்போது பீரோவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் பெஞ்சில் பரப்பி வைத்திருந்தேன். சம்பளப் பட்டியல், சத்துணவுப் பதிவேடு, ஆய்வுக் குறிப்புகள். போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அட்மிஷன் ரிஜிஸ்டர் அப்படி விடக்கூடியது இல்லை. 1950களில் தொடங்கும் தொகுதிகள் அவை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த முக்கால்வாசிப் பேரின் பிறந்த தேதிக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. எமிஸ் என்கிற அரசின் இணையப் பதிவில் ஏற்றியிருப்பது சமீபத்துப் பிள்ளைகளின் விவரம் மட்டும். பழையவர்களுக்குத் தாள்தான். அதுவும் வீட்டிலிருந்த சான்றிதழ், அட்டை எல்லாம் வெள்ளத்தோடு போன பிறகு, டீச்சர் என் பேரை மட்டும் ஒரு பேப்பரில் எழுதித் தாங்க என்று வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நானோ ஊறின அப்பளம் மாதிரி ஒட்டிக்கிடந்த கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணாச்சி பார்த்தார். முதலில் சொன்னது, “வெயில்ல வைக்காதீய டீச்சர், மை வெளுத்துரும்.”

அப்புறம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தென்னந் துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, மூலையிலிருந்து மெல்ல நுழைத்து, முதல் பக்கத்தைப் பிரித்தார். கிழியவில்லை. அன்றைக்கு முழுவதும் அவர் செய்தது அது ஒன்றுதான். பிரித்த தாளை வராந்தா நிழலில் கொடிகட்டிக் காற்றாட விட்டார். பாதி ஈரம் போன பிறகுதான் பெட்டி வைக்க வேண்டுமாம். முழு ஈரத்தில் சூடு பட்டால் மை ஊறி அடுத்த பக்கத்துக்கு ஏறிவிடுமாம். மறுநாள் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த கரிப்பெட்டியோடு வந்தார். கரண்ட் இல்லாத அந்த வாரத்தில் ஊரிலேயே வேலை செய்த ஒரே இஸ்திரிப் பெட்டி அதுவாகத்தான் இருக்கும். பெஞ்சில் போர்வை, அதன்மேல் தாள், தாளின்மேல் பழைய மல்வேட்டி, அதன்மேல் பெட்டி. அழுத்த மாட்டார். தாளைத் திருப்பும்போது மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்.

எனக்குத் தெரியாத பல விஷயங்கள் அந்த வராந்தாவில் தெரியவந்தன. பழைய நீலக்கறுப்பு மை தண்ணீருக்கு அசையவே இல்லை. நடுவில் வந்த நீல மை கரைந்து புகையாகிவிட்டது. பால்பாயிண்ட் தப்பித்தது. நான் அழகுக்காக ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்த தலைப்புகள் எல்லாம் பூத்துப்போய் அடையாளமே இல்லை.

கூலி பேசப் போனேன். காதிலேயே வாங்கவில்லை. கரிக்கு மட்டும் வழி பண்ணுங்க என்றார். பிள்ளைகளிடம் சொன்னேன், மேட்டுத் தெருவிலிருந்து கரியாக்கத் தேங்காய்ச் சிரட்டை வந்து குவிந்துவிட்டது. கொண்டுவந்த பிள்ளைகள் திரும்பிப் போகவில்லை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, தேய்த்து முடித்த பக்கங்களில் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்கள். ஞானப்பூ, பொன்னுத்தாய், அருமைநாயகம். இப்படியெல்லாமா பேர் வைப்பார்கள் என்று ஒரே சிரிப்பு. இந்த வருடம் முழுக்க என் வகுப்பில் வாயைத் திறக்க வைக்க முடியாத ஒரு மூன்றாம் வகுப்புப் பையன், தன் தாத்தா பெயர் வருமா என்று வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனான். நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

ஒரு தொகுதி முடிகிற சமயம் அண்ணாச்சி கையை நிறுத்தினார். ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு வளைந்து போயிருந்தது. இப்போது வந்த சேற்றின் நிறம் இல்லை.

“இது முன்னாலயே ஒருக்கா நனைஞ்ச தாளு டீச்சர். எவரோ நல்லாக் காய வச்சிருக்காவ.”

1992 நவம்பர். அந்த வெள்ளத்தை இங்கே பெரியவர்கள் இன்னும் கணக்கு வைத்துப் பேசுவார்கள். நான் இந்தப் பள்ளிக்கு வந்தது 1996இல். அதற்கு முன்னால் இங்கே இருந்த பெரிய டீச்சரோ, உபதேசியாரோ, யாரோ ஒருவர் இதே தொகுதியை இதே மாதிரி பிரித்துக் காயவைத்துத் திரும்பத் தைத்து வைத்திருக்கிறார். குறிப்பு எதுவும் எழுதவில்லை. ஆய்வுப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. இத்தனை வருடம் இந்த ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கறை என் கண்ணில் பட்டதே இல்லை. துணியில் கறை பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது பட்டது.

இந்த இடத்தில் என் விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்கு முன்பே விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் அலுக்கவில்லை, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறோம். அதில் ஒருவர் காலையிலிருந்து செல்போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் வகுப்பில் யார் நிற்பது? அரசுப் பள்ளிகளுக்கு வந்துவிட்ட காலை உணவு எங்களைப் போன்ற உதவிபெறும் பள்ளிகளுக்கு இந்த 2024 ஜனவரி வரை வரவில்லை. பத்து மணிக்கே பசியில் சுருண்டு படுக்கிற பிள்ளைக்கு என்ன பாடம் நடத்துவது? இதையெல்லாம் பேசப்போனால், நீங்கள்தான் சமுதாயத்தின் சிற்பிகள் என்று யாராவது மேடையில் சொல்லிவிட்டு ஒரு சால்வை போர்த்துவார்கள். சால்வை எனக்கு நிறைய இருக்கிறது.

கிறிஸ்மஸ் ஆராதனை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஈரம் காயாத தரையில் நடந்தது. எங்கள் சபைப் போதகரான சேகர ஐயர் அன்றைக்குப் பெத்லகேமைத் தொடவே இல்லை. எலியாவை எடுத்தார். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே என்று சொன்ன தீர்க்கதரிசி. இந்தக் கதையை நானே ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பாகால் தீர்க்கதரிசிகள், வானத்திலிருந்து இறங்கிய அக்கினி என்று பிள்ளைகளுக்குப் பிடித்த பக்கத்தையே நீட்டிவிட்டு, சூரைச்செடியை இரண்டு வரியில் தாண்டிவிடுவேன். ஐயர் அங்கேயே நின்றுவிட்டார். வந்த தூதன் எலியாவைத் திட்டவில்லை, உன் ஊழியம் எவ்வளவு மேலானது தெரியுமா என்று நினைவுபடுத்தவும் இல்லை என்றார். தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி வந்து எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். போக வேண்டிய தூரம் அதிகம் என்பதை அப்போதுதான் சொன்னான்.

நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் வீடு போன துக்கம் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

வருடப்பிறப்பு ராத்திரி, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்தேன். ‘உங்கள் கைகளை நெகிழவிடாமல் திடன்கொள்ளுங்கள்’ என்று வந்தது. அட்டையில் வருவதெல்லாம் எனக்கென்றே எழுதியது என்று சாட்சி சொல்கிற ஆள் நான் இல்லை. கட்டில் எத்தனையோ அட்டை, யார் கைக்கோ போக வேண்டியது என் கைக்கு வந்திருக்கலாம். ஆனாலும் அதை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது சிரட்டைக்கரிச் சூட்டில் காய்த்துப்போன அந்தக் கைகள்தான். அவர் சபையாள் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், பங்குனி உத்திரத்துக்குத் தவறாமல் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர். ஒரு தாள் கை தவறிக் கீழே விழுந்தபோது குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எழுத்துல்லா” என்றார். நான் வேலைச் சுமை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை அவர் அப்படி வைத்துப் பார்த்தார். என் ஆண்டவர் என்னிடம் அனுப்பியவர் இவர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவரிடம் இதைச் சொன்னால், போங்க டீச்சர் என்பார்.

கைப்பையில் இருந்த விண்ணப்பமும் நனைந்துதான் போயிருந்தது. அதை அவரிடம் தேய்க்கக் கொடுக்கவில்லை.

இனி ஓய்வு பெறும் வயது வரை இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பேன். சோர்வு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமை காலை அதே செல்போன், அதே நெட்வொர்க். ஆனால் இரண்டு காரியம் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். பழைய தொகுதிகள் முழுவதையும் புது நோட்டில் நீலக்கறுப்பு மையால் நானே பிரதி எடுப்பேன். முதல் பக்கத்தில், 1992இலும் 2023இலும் இது நனைந்தது, இரண்டு முறையும் காயவைக்கப்பட்டது என்று எழுதுவேன். காலை உணவு வருகிறவரைக்கும், முதல் மணி அடிப்பதற்கு முன் என் பிள்ளைகளுக்கு ஒரு வாய் கஞ்சியாவது கொடுப்பேன். அரிசி தருகிறேன் என்று ஏற்கெனவே இரண்டு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் யாராவது சேர்ந்தால் நல்லது.

என்னைப்போலக் கைப்பையில் காகிதம் வைத்திருக்கிற ஆசிரியர்கள் இதைப் படித்தால், உங்களுக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சாப்பிடுங்கள், தூங்குங்கள். ஒருநாள் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பழுப்புக் கோட்டைக் காட்டுகிறேன்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணாச்சி கடையில் துணி போனவர்கள் அவரை நெருக்காதீர்கள். நிவாரணமாக வந்த 6,000 ரூபாயை அவர் எப்படியெல்லாம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் சேலையும் இரண்டு அதில் போயிருக்கிறது, நான் கேட்கப்போவதில்லை. பதிவேட்டில் பெயர் பார்க்க வேண்டியவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள், பிறந்த வருடம் தோராயமாகத் தெரிந்தால் போதும். இப்போதைக்கு அவர் பெட்டி எங்கள் வராந்தாவில்தான் இருக்கிறது. கடைக்குத் தட்டி அடிக்கும்வரை தேய்க்கக் கொடுக்கிற துணியை அங்கேயே கொண்டுவந்து கொடுக்கலாம். பொங்கலுக்கு உடுத்த வேண்டியது என்றால் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். கூட நாலு சிரட்டையும் கொண்டுவாருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பெரிய டீச்சர்
ஜனவரி 2024