அடியில் எழுத்து வராத பேச்சு

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கு இன்னும் பதில் போடவில்லை. இப்போது ஆடி பிறந்துவிட்டது. என்ன திட்ட வேண்டுமோ மொத்தமாகத் திட்டி முடித்துவிட்டு அப்புறம் படி. போனில் சொன்னால் நடுவில் புகுந்து கிண்டல் பண்ணுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். அவளுக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை, சின்னவள் நர்சிங் இரண்டாம் வருஷம். பூனை போன மாதம் சேலம் வந்தான், வழக்கம்போல பர்ஸை மறந்துவிட்டு வந்தான். அவ்வளவுதான் ஊர்ச் செய்தி. விஷயத்துக்கு வருகிறேன்.

குமாரபாளையத்திலிருந்து ஒரு பையன் என்னிடம் பி.ஏ. ஆங்கிலம் படித்தான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். நான் வைக்கிற கேட்டல் தேர்வில் 25க்கு 22, 23 என்று வாங்குவான். டிபார்ட்மெண்டில் அவனை 'ஒட்டகம் (நான்தான்) வளர்த்த கிளி' என்றே சொல்வார்கள். மாசி மாதம் சென்னைக் கம்பெனி ஒன்று போனில் இண்டர்வியூ வைத்தது. வீட்டில் தறிச்சத்தம், அதனால் காவிரிப் பாலத்துப் பக்கம் போய் நின்று பேசியிருக்கிறான். அந்தப் பெண் ஏதோ கேட்டிருக்கிறாள். இவன் மூன்று தடவை 'பார்டன்' சொல்லியிருக்கிறான். நாலாவது தடவை லைன் இல்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றான். என்னடா ஆச்சு என்றேன். "பேசுனாங்க சார். ஆனா அடியில எழுத்து வரலை சார்" என்றான்.

சிரித்துவிட்டேன் மாப்ளே. ஜோக்கடிக்கிறான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் கல்லூரியை மூடினார்கள், நான் வாட்ஸ்அப்பில் வீடியோ விரிவுரைகளாக அனுப்பிக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் புரியலை சார்" என்று ஒரே புலம்பல். சப்டைட்டில் போட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து புலம்பல் நின்றது. மார்க்கும் ஏறியது. கல்லூரி திறந்த பிறகும் வகுப்பில் அதே பழக்கம். காணொளி விரிவுரைகளால் மாணவர்களின் கேட்கும் திறன் எப்படி உயர்கிறது என்று ஒரு கருத்தரங்கில் கட்டுரை வேறு வாசித்தேன், பொன்னாடை போட்டார்கள், போட்டோவை உனக்கு அனுப்பினேன். நீகூடக் கட்டைவிரல் போட்டாய். இத்தனை நாளும் நான் அளந்தது அவர்கள் கண்ணை. கேள்வித்தாளும் சப்டைட்டிலில் வந்த அதே வார்த்தைகளில்தான் இருந்தது. வேகமாக வாசிக்கிறவனுக்கு மார்க் விழாமல் என்ன செய்யும்?

அன்று ராத்திரி என் காதையே சோதித்துப் பார்த்தேன். ஏழு வருஷமாகச் சப்டைட்டிலோடு மலையாளப் படம் பார்க்கிறேன் இல்லையா, பாதிப் படத்தில் அடியில் வருகிற எழுத்தை எடுத்துவிட்டேன். முகங்கள் வாயை அசைத்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். இதற்கு நடுவில் என் சம்சாரம் காய்கறிக்காரரின் நாலு வார்த்தை மலையாளத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒரு படமும் பார்ப்பதில்லை.

நம் பாளையங்கோட்டை ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. 93ல், நம் வார்டன் 'மிலிட்டரி' லைட்டை அணைத்த பிறகு, போர்வைக்குள் உன் மாமா கொடுத்த சிற்றலை ரேடியோ. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஸ்பெஷல் இங்கிலீஷ். 1959லேயே ஆரம்பித்தது அது. சுமார் 1500 சொற்களுக்குள், சின்னச் சின்ன வாக்கியமாக, வழக்கமான செய்தி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறக்கி வாசிப்பார்கள். புரிந்த மாதிரியே இருக்கும். அந்தத் தெம்பில் பி.பி.சி. பக்கம் திருப்பி அடி வாங்குவோம். 'கூ' என்று ஒரு வார்த்தை வந்தது, ஏதோ நாட்டில் கூ நடந்துவிட்டதாம். இரண்டு நாள் டிக்‌ஷனரியில் 'கே' எழுத்துக்குள் தேடினோமே! குயில் கூவியதற்கா செய்தி வாசிக்கிறார்கள் என்று நீ கேட்டாய். அது 'சி'யில் ஆரம்பித்து, வாயே திறக்காத ஒரு 'பி'யில் முடிகிற, ஆட்சிக் கவிழ்ப்பு என்று அர்த்தம் தருகிற வார்த்தை என்று மிலிட்டரிதான் கடைசியில் சொன்னார். நமக்குச் சத்தம் முதலில் வந்தது, எழுத்து அப்புறம் வந்தது. என் பிள்ளைகளுக்குத் தலைகீழ். எழுத்து தெரியும், அர்த்தம் தெரியும், 'கூப்' என்று உச்சரிப்பார்கள், நிஜமாக யாராவது சொன்னால் அடையாளம் தெரியாது.

ஜான் ஃபீல்டு என்ற ஆங்கிலக்காரர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கேட்டலை நாம் கற்பிப்பதில்லை, தேர்வு மட்டும்தான் வைக்கிறோம், ஓடவிட்டுக் கேள்வி கேட்டு மார்க் போடுகிறோம் என்பது அவர் கட்சி. தப்பாகக் கேட்ட பிள்ளை ஏன் தப்பாகக் கேட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. படித்தபோது யாரோ என் வகுப்பு ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஐம்பது நிமிஷ விரிவுரையெல்லாம் கிடையாது. மூன்றே நிமிஷம். எழுத்தில்லாமல் இரண்டு தடவை ஓடவிட்டு, என்ன பேசினார் என்று தமிழிலேயே பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லச் சொல்வேன். அப்புறம் அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, நாலைந்து தடவை போட்டு, நம் பழைய சொல்வதெழுதுதல். சிரிக்காதே. ஒன்றாம் வகுப்பு டீச்சர் கையில் இருந்த அந்த ஆயுதத்துக்கு ஈடு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியாகத்தான் எழுத்தைக் காட்டுவேன். எங்கே ஓட்டை விழுந்தது என்று சிவப்பு மையில் அவர்களே வட்டம் போட வேண்டும், உடனே எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். சப்டைட்டிலை நான் விரட்டவில்லை. பந்தியில் முதல் வரிசையிலிருந்து எழுப்பிக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். சில வீடியோக்களில் எழுத்து படத்தோடு ஒட்டியே வரும், அதற்கு லேப்டாப் திரையின் அடியில் நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டிவிடுவேன். போன வாரம் பிரின்சிபால் ரவுண்டு வந்தார். திரையில் பாதி விரிவுரை, பாதி கரிநாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அந்த வட்டங்களைப் பார்க்க வேண்டும் நீ. கடினமான வார்த்தைகளில் ஓட்டை விழும் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. 'போட்டோசிந்தசிஸ்' எல்லாரும் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஓட்டை முழுக்க 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' மாதிரி ஆறாம் வகுப்பு வார்த்தைகளில். 'ஷுட் ஹேவ் பீன்' என்று அவர் சொன்னது காதில் 'ஷுடபின்' என்று விழுந்திருக்கிறது. "சார், சுட்ட பின்னா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே வடை வாசனையில் மிதந்தது.

வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று அவர்களே 0.75ல் வைத்துப் பார்த்தார்கள். 0.5ல் வைத்தால் பேராசிரியர் டாஸ்மாக் கடையிலிருந்து நேராக வந்த மாதிரி பேசுகிறார், வேறு பலன் இல்லை. ஒட்டிக்கொண்ட வார்த்தையை இழுத்தால் அது நீளமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு உன் கதைதான் கைகொடுத்தது. உன் சிங்கப்பூர் டியூஷன் பிள்ளைகள் 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்பதை அழகாக வாசிக்கும், பாட்டி போனில் 'என்ன பண்ணிட்ருக்க' என்றால் முழிக்கும் என்று சொன்னாயே. அதைப் பலகையில் எழுதினேன். 'கொண்டு' எங்கே போச்சு, 'இருக்கிறாய்' ஏன் சுருங்கிப் போச்சு என்று அவர்களையே கேட்டேன். நாம் தமிழில் பண்ணுகிற அதே அக்கிரமத்தைத்தான் வெள்ளைக்காரன் அவன் பாஷையில் பண்ணுகிறான் என்றதும் ஒரு பெரிய நிம்மதி அந்த முகங்களில். இத்தனை நாளும் தங்கள் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள், பாவம்.

எந்த வீடியோ என்று கேட்பாய். டெட் உரைகளை வெள்ளிக்கிழமைப் பாயசமாக வைத்திருக்கிறேன். 18 நிமிஷத்துக்குள் மனப்பாடம் பண்ணி மேடையேறுகிறவர்கள், திக்கல் திணறல் கிடையாது. மற்ற நாளெல்லாம் என்.பி.டி.இ.எல்.தான். 2003ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து ஆரம்பித்த இணைய வீடியோப் பாடங்கள். எழுத்துப் பிரதியும் கிடைக்கும், காசும் கிடையாது. முதல் நாள் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவரைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார்கள். "சார், இவரு நம்ம ஆளு. இங்கிலீஷ்காரங்க பேசுறதைப் போடுங்க." நாளைக்கு உனக்குச் சம்பளம் போடப்போகிறவரும் நம்ம ஆள்தான்டா என்றேன். தவிர அவர் நிஜமாகப் பாடம் நடத்துகிறார். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறார், ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு வேறு மாதிரி சொல்கிறார், 'ஓகே? ரைட்?' என்று மூச்சு விடுகிறார். முதல் தடவை விட்டது இரண்டாம் தடவை பிடிபடுகிறது. பாடப்புத்தகத்தோடு வருகிற சி.டி.யில் இந்த இரக்கமெல்லாம் கிடையாது.

ஒரு நாள் நிலத்தடி நீர் பற்றிய விரிவுரை ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம் போட்டேன். ஏதோ கைக்கு வந்தது, அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் ஒரு பெண், திருச்செங்கோட்டுப் பக்கம். ஒரு வருஷமாக வருகைப் பதிவுக்கு மட்டும் வாயைத் திறப்பாள். முதல் தடவை ஓடி முடிந்ததும் எழுந்து, ஆழ்துளைக் கிணற்றில் கேசிங் பைப் எந்த ஆழம் வரைக்கும் இறக்க வேண்டும், எந்த இடத்தில் பாறை ஆரம்பிக்கும், அங்கே ஏன் குழாயை நிறுத்திவிடலாம் என்று அவர் சொன்னதை வரிசையாகத் தமிழில் சொன்னாள். கூடவே, "அவர் சொல்றது சரிதான் சார், ஆனா எங்கப்பா இன்னும் ரெண்டு லென்த் சேத்து இறக்குவாரு" என்றாள். அப்பாவுக்கு ரிக் வண்டி. வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரிலும் ஆந்திராவிலும் போர் போட்டுக்கொண்டிருப்பார். கேசிங், யீல்டு, கம்ப்ரெசர் எல்லாம் அவள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சு. என் கிளிகள் எல்லாம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தன. விஷயம் ஏற்கெனவே தலைக்குள் இருந்தால் காது பாதி வேலை பார்த்தால் போதும். இப்போது யார் வீட்டில் என்ன தொழில் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வீடியோ தேடுகிறேன். தறி, கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டுகிற பட்டறை. இதெல்லாம் பட்டியல் எடுக்க எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது பார்.

இன்னொரு விளையாட்டு. யூடியூப் தானாகப் போடுகிற எழுத்தில் தப்பு கண்டுபிடிப்பது. மொழியியல் விரிவுரையில் அவர் 'மார்ஃபீம்ஸ்' என்கிறார், அது 'மோர் ஃபீஸ்' என்று எழுதுகிறது. செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற வாரம் வேறு. மிஷினுக்குக் கேட்காதது தனக்குக் கேட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் பயல்கள் வீட்டுக்குப் போயும் தேடுகிறார்கள். தேர்வுக்குக்கூட இவ்வளவு காதைத் தீட்டியதில்லை.

மற்றபடி என் பாட்டை நீயே ஊகித்துக்கொள். அறுபத்திரண்டு பேர், மூன்று ஃபேன், மூன்றும் கடகட. ஃபேனை நிறுத்தினால் வியர்வை, ஓடவிட்டால் விரிவுரை காணாமல் போகும். ப்ரொஜெக்டர் வேண்டும் என்றால் மூன்று பேரிடம் கையெழுத்து. சின்னவளின் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறேன், அவள் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டாவில் மிச்சம் இருப்பதை ராத்திரி பன்னிரண்டுக்குள் பிள்ளைகள் இறக்கி வைத்துக்கொள்கிறார்கள், ஒரு இயர்போனை இரண்டு பேர் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

குமாரபாளையத்துப் பையனுக்கு வருகிறேன். படிப்பை முடித்துவிட்டான், அப்பாவோடு தறியில் நிற்கிறான். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருகிறான். வீடியோவைத் திருப்பி வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கிறோம். முன்னேற்றம்தான், ஆனால் என் வீட்டுத் திண்ணையில், என் முகத்துக்கு எதிரே. அது எனக்குக் கணக்கில் வரவில்லை. அடுத்த புதன்கிழமை அவனுக்கு இன்னொரு இண்டர்வியூ, அதுவும் போனில்தான்.

அதனால் ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் நேரம் ஆறு மணிக்கு, உனக்கு எட்டரை, அவனுக்குப் போன் போடு. நம்பர் தனியாக அனுப்புகிறேன். யார் என்று அவனிடம் சொல்லவில்லை, ஒரு கால் வரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன் சிங்கப்பூர் இங்கிலீஷில், அந்த 'லா'வோடு, வேகத்தைக் குறைக்காமல் பேசு. அவன் 'பார்டன்' என்றால் வேறு வார்த்தையில் சொல்லாதே, அதையே திரும்பச் சொல். எது புரியவில்லை என்று அவன் வாயால் கேட்கிற வரைக்கும் விடாதே. இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினாயானால் 93ல் நீ பண்ணிய அந்த டிபன்பாக்ஸ் விஷயத்தை உன் மருமகனிடம் சொல்லிவிடுவேன்.

பேசி முடித்ததும் எனக்கு ஒரு வரி போடு. குரல் பதிவு வேண்டாம், எழுதியே அனுப்பு. எனக்கு அடியில் எழுத்து வேண்டும்.

உன்
ஒட்டகம்