கேட்ட பறவையும் கணக்கில் சேரும்

ஆசிரியருக்கு,

பள்ளி மாணவர்களுக்கான பறவை நோக்கும் போட்டி பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த அறிவிப்பைப் படித்தேன். பிள்ளைகளைக் காட்டோரம் அழைத்துப் போவது நல்ல காரியம். ஆனால் "புகைப்படம் இணைக்கப்படாத பதிவுகள் ஏற்கப்படமாட்டா" என்ற விதியை எழுதியவர், விடியற்காலையில் ஒகேனக்கல் சாலையோரம் ஒருமுறையாவது நின்று காதுகொடுத்திருப்பாரா என்பது சந்தேகமே.

குக்குறுவான் காலையெல்லாம் கத்தும். இலைக்குள் அதைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சமாகும். பக்கி என்னும் இராப்பறவைகளோ பகலில் தரையில் சருகோடு சருகாகப் படுத்திருப்பவை. அவற்றின் வகைகளை அனுபவசாலிகளே பெரும்பாலும் குரலை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கதிர்க்குருவிகளின் கதை இன்னும் மோசம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டில் ஒன்று இரண்டு அசையிலும் மற்றொன்று மூன்று அசையிலும் கூப்பிடும். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் அந்த அசையைப் படம்பிடிக்காது.

2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் 'இ-பேர்ட்' என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பதிகிறார்கள். அடையாளம் உறுதியாகத் தெரிந்தால் குரல் போதும், படம் கட்டாயமில்லை. செத்துக் கிடக்கும் பறவையையும் கூண்டில் இருப்பதையும்தான் அங்கே சேர்ப்பதில்லை. நம் போட்டி விதியிலோ கூண்டுக் கிளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. படம் இருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு போலிருக்கிறது!

குரலை நம்பினால் பொய்ப் பதிவு பெருகும் என்பார்கள். ஏமாற வாய்ப்பு இருப்பது உண்மைதான். துடுப்புவால் கரிச்சான் வல்லூறு போலவே கத்தி, தேர்ந்தவரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அதற்காகத்தான் வழக்கத்துக்கு மாறான பறவையைப் பதிந்தால் மட்டும் அந்தத் தளத்தில் சரிபார்ப்பவர்கள் கூடுதல் விவரம் கேட்கிறார்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற அரிய பறவையைக் கண்டதாக ஒரு மாணவி எழுதினால் எந்தப் பாறைச்சரிவு, எத்தனை மணி, தொண்டையின் நிறம் தெரிந்ததா என்று கேளுங்கள். தவிட்டுக்குருவிக்கும் காக்கைக்கும் எதற்குச் சாட்சி?

இந்த விதியால் பறவைகளுக்கு வரும் கெடுதலே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறைக்குன்றுகளில் கொம்பன் ஆந்தை பாறை விளிம்பிலேயே முட்டையிடும். பொங்கல் சமயம் அது அடைகாக்கும் காலத்துக்குள் வருகிறது. மதிப்பெண்ணுக்காக ஆட்கள் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும். வெயிலில் முட்டை கிடக்கும். இன்னும் சிலர் கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் விட்டுவிட்டு அது அலைகிறது. வளர்ந்தவர்கள் செய்யும் இந்த வேலையைப் பிள்ளைகளுக்கும் பழக்கவா போட்டி?

படிவத்தில் 'பார்த்தது', 'கேட்டது' என்று இரண்டு கட்டங்கள் போடுங்கள். அடையாளம் கண்ட விதத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். கூட்டையோ குஞ்சையோ எடுத்த படம் வந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். கேமரா இல்லாத வீட்டுப் பிள்ளைகளே எங்கள் பக்கத்தில் அதிகம் என்பதையும் ஏற்பாட்டாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்.