அன்று நான் சொல்லாத பொருள்

அன்புள்ள அக்கா,

உங்கள் பிள்ளையை இழந்து நாளையோடு ஏழு ஆண்டுகள். இது பலர் கண்ணிலும் படும் கடிதம் என்பதால், அந்த அறையில் நடந்தவற்றுள் நம் இருவருக்கு மட்டுமே உரியவற்றை நான் தொடப்போவதில்லை.

சபைப் பெரியவர் ஆதியாகமம் 3:16-ஐத் திறந்து, "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்று வாசித்து, இது ஏவாளின் சாபம் என்றபோது, நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. அந்த வசனத்தின் மூலமொழியான எபிரெயத்தைப் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தீர்கள். நான் சொட்டுச் சொட்டாக இறங்கிய குளுக்கோஸைப் பார்த்தபடி நின்றேன். அப்போது எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே தெரியும் என்பது உண்மை. ஆயினும் "இப்போது வேண்டாம் ஐயா" என்று சொல்ல எபிரெயம் தேவையில்லை என்பதும் உண்மை. மன்னியுங்கள்.

அவர் வாசித்த வரியில் இருக்கும் சொல் எட்செவ். அதே வசனத்தில் அதற்குச் சற்று முன், "உன் வேதனையை" என்னும் இடத்தில், அதே வேரில் பிறந்த இட்சாவோன் என்னும் சொல் இருக்கிறது. பிரசவ நோவுக்கென்றே எபிரெயத்தில் ஹேவெல், ட்சீர் என்னும் சொற்கள் உண்டு. இரண்டும் இவ்வசனத்தில் இல்லை. அடுத்த வசனத்தில் ஆதாமுக்கும் இதே இட்சாவோன்தான். நம் வேதாகமம் அதைப் பெண்ணுக்கு 'வேதனை' என்றும், ஆணுக்கு 'வருத்தம்' என்றும், 5:29-இல் நோவாவின் தகப்பன் வாயில் 'பிரயாசம்' என்றும் பெயர்த்ததால், ஒரே சொல் என்பதே நமக்குத் தெரியாமல் போயிற்று. அச்சொல் வருவதே இந்த மூன்று இடங்களில்தான். உடலை முறிக்கும் உழைப்பும் உள்ளத்தின் துக்கமும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. சாபமோ, அந்த அதிகாரத்தில் பாம்பின்மேலும் நிலத்தின்மேலும் விழுகிறதே தவிர, ஏவாளின்மேல் விழவில்லை. இட்சாவோனின் வேரில் பிறந்த வினைச்சொல்தான் 6:6-இல், கர்த்தருடைய இருதயத்துக்கு "விசனமாயிருந்தது" என்னும் இடத்தில் வருகிறது. உங்களுக்குத் தண்டனையென்று வாசிக்கப்பட்ட நோவு, அவருடைய நெஞ்சிலும் இருந்தது, அக்கா.

இதைச் சொல்ல மூன்று முறை உங்கள் வாசலுக்கு வந்தேன், கதவு திறக்கவில்லை. அந்த வசனத்தை வாசித்தவர் வீட்டுக்கு அவ்வாண்டே கிறிஸ்துமஸ் பலகாரம் போயிற்று. வாய்திறவாத எனக்கு ஏழு ஆண்டு மௌனம். இதை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளவில்லை.

1 நாளாகமம் 4:9-இல் ஒரு தாய், "நான் துக்கத்தோடே அவனைப் பெற்றேன்" என்று சொல்லி மகனுக்கு யாபேஸ் என்று பேரிடுகிறாள். அந்தத் துக்கத்துக்கும் இதே வேர்தான். உங்களிடமோ, பெயரே வேண்டியதில்லை என்றார்கள். கல்லறைக்குக் கல் செய்யச் சொல்லிவிட்டேன். தேதி வெட்டியாயிற்று, அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். என் காதில் மட்டும் நீங்கள் சொன்ன அந்தப் பெயரை, உங்கள் அனுமதியில்லாமல் கல்தச்சரிடம் நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் தம்பி