ஷூ ரேக்கைக் காலி செய்யும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற கையோடு ஷூ ரேக்கைக் காலி செய்ய இறங்கிவிட்டாய் போல. எதை எறியலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் நிமிர்த்தி அடுக்கி அல்லவா படம் எடுத்திருக்கிறாய்! கவிழ்த்து வைத்து எடுத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். மேல்பக்கம் நீ கடையில் ஆசைப்பட்டது. எப்படி நடந்தாய் என்பது அடியில்தான் இருக்கும்.

அந்தக் கறுப்பு ஹீல்ஸையே எடுத்துக்கொள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அடி தேய்ந்தே இருக்காது. பஸ்ஸில் சாதாரணச் செருப்பு, ஆபீஸ் வாசலில் பையிலிருந்து ஹீல்ஸ் என்றுதானே காலம் ஓட்டினாய்! மீட்டிங்கில் நாலு பேர் நடுவில் உயரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். குதிகால் உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்தில் இறங்கும்; கெண்டைக்கால் தசை சுருங்கியே இருந்து பழகிவிடும். சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு நீ முனகியது சும்மா இல்லை. (ஹீல்ஸ் ஒரு காலத்தில் குதிரை வீரர்கள் சமாச்சாரம், தெரியுமா? சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் பாரசீக வீரர்கள் போட்டார்கள். அப்புறம் அது ஐரோப்பிய ஆண்களின் ஃபேஷனாகி, பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயியே ஹீல்ஸில்தான் நின்றார். அவருக்கு பஸ் பிடிக்கிற வேலை இல்லை.)

அடுத்த தட்டில் இருக்கிற சாண்டல் எதிலும் பக்கிள் கிடையாது, கவனித்தாயா? பாப்பா பிறந்த பிறகு வாங்கியவை. ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை. குனிந்து வார் மாட்ட இன்னொரு கை எங்கிருந்து வரும்? காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரியே தேடித் தேடி வாங்கினாய். பழைய அளவில் வாங்கிய புது ஷூ கடித்தபோது, "இப்பல்லாம் எவனும் அளவு ஒழுங்கா போடறதில்ல" என்று திட்டித் தீர்த்தது ஞாபகம் இருக்கிறதா? பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. உடல் எடையும் கூடுகிறது. ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள். அவற்றின் கட்டு கொஞ்சம் நெகிழ்ந்தாலே உள்ளங்கால் வளைவு தாழ்ந்து பாதம் நீளும், அகலும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் பழைய அளவு திரும்புவதே இல்லை. உனக்குத் திரும்பவில்லை. நீயோ பழைய எண்ணை விடமாட்டேன் என்று விரலை மடக்கிக்கொண்டு நடந்தாய். பிடிவாதம், வேறென்ன.

சாம்பல் நிற வாக்கிங் ஷூவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. போன தடவை வந்தபோதே அதைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். வாக்கிங் போக வாங்கியதாக எல்லோரிடமும் சொன்னாய். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மாதங்கள் அவை. ராத்திரி நீ எழுந்து நடக்கும் சத்தத்தில் அவர் விழித்துவிடக் கூடாது, துடைத்த தரையில் உனக்கு வழுக்கவும் கூடாது. அதற்காக வாங்கியது. வலது குதிகாலின் வெளி ஓரத்தில் ரப்பர் முழுக்கப் போய், உள்ளே இருக்கும் வெள்ளை ஃபோம் தெரிகிறது. நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு அந்த ஓரம்தான் முதலில் தரையைத் தொடும் என்பதால் அங்கே தேய்வது சகஜம். ஆனால் ஃபோம் தெரியும்வரை தேய்வதற்கு எவ்வளவு நடந்திருக்க வேண்டும்! ஓடுகிறவர்களை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூவை மாற்றச் சொல்வார்கள். வார்டுக்கும் மருந்துக் கவுண்டருக்கும் நடுவிலேயே நீ அதைத் தாண்டியிருப்பாய். அது இருக்கட்டும். எறியாதே.

டப்பாவில் பத்திரப்படுத்தியிருக்கிற விசேஷ ஷூவை மட்டும் யோசிக்காமல் எறி. அதன் சோல் பாலியூரித்தேன் என்கிற ஒரு வகை பிளாஸ்டிக்; ஷூவைக் காலில் போடாமல் வைத்திருந்தாலும் அது கெடும். காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து உள்ளுக்குள்ளேயே சிதைந்து, ஒரு நாள் நாலடி நடப்பதற்குள் பொடிப்பொடியாக உதிரும். ஹீல்ஸைப் பாப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். போட்டுப் பழகிய ஷூ போட்டவர் காலுக்குத்தான் படிந்திருக்கும்.

அப்புறம், புதிதாக வாங்கப்போகிற வெல்க்ரோ ஷூவைக் "கிழவி ஷூ" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1941-இல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிஸ் பொறியாளர் தன் துணியிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்ட முள்விதைகளைப் பார்த்துப் பிடித்த யோசனை வெல்க்ரோ. கிழவிகளை நினைத்து யாரும் கண்டுபிடித்ததில்லை. குழந்தையோடு இருந்தபோது பக்கிள் வேண்டாம் என்றாய். அப்போது அதைச் சாமர்த்தியம் என்றோம். இப்போது முட்டி மடங்க மறுக்கிறது, லேஸ் வேண்டாம் என்கிறாய். இது மட்டும் எப்படித் தோல்வி ஆகும்?

சாயங்காலமாகக் கடைக்குப் போ. பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்குப் பொருந்துவதை எடு. விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. நாள்பட்டால் பாதம் மரத்து, உள்ளே கிடக்கும் சின்னக் கல்கூடத் தெரியாமல் போகலாம். ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போடு.

நீலமா சாம்பலா என்று கேட்டிருந்தாய். நீலம் வாங்கு. அழுக்குத் தெரியாது என்று சாம்பலில் வாங்கியதே போதும்.

உன் தம்பி