அறுவை அரங்கில் என் கண்ணைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கும், மூத்த மருத்துவர் ஐயா அவர்களுக்கும், அரங்கின் செவிலியர் அனைவருக்கும் வணக்கம்.

என் வலக்கண்ணின் புரையை அகற்றுகையில் திடீரென நேர்ந்த சிக்கலைத் தாங்கள் கையாண்ட விதத்துக்குப் பலரும் அறிய நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, சேர்க்கையின்போது என் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்ட இளம் செவிலியருக்கு உரியது. புராஸ்டேட் வீக்கத்துக்கு நான் உட்கொண்டுவரும் டாம்சுலோசினுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது வியந்தேன். அம்மருந்து, கண்ணுக்குள் ஒளி நுழையும் துளையான பாவையைச் சுற்றியுள்ள திரையைத் தளரச் செய்து, அறுவையின் நடுவே பாவையைச் சுருங்கவைக்கக்கூடும் என்பது 2005இல்தான் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டதாம். அவர் எழுதிய அந்த ஒரு வரியால், பாவையை விரித்துப் பிடிக்கும் சிறு கொக்கிகள் முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தன.

அப்படியும், புரையின் கடைசித் துண்டை உறிஞ்சும் வேளையில், தலைமுடியைவிடப் பன்மடங்கு மெலிதான லென்ஸின் பின்னுறை கிழிந்துவிட்டது. கண் மரத்திருக்க, விழித்தபடியே படுத்திருந்த எனக்கு, "ஐயா, அசையாமல் இருங்கள், இன்னும் சற்று நேரமாகும்" என்ற நிதானமான குரல் மட்டுமே கேட்டது. பதறிக் கருவியை உருவியிருந்தால், கண்ணின் முன்னறை அழுத்தமிழந்து, பின்னாலுள்ள விட்ரியஸ் கூழ் முன்னே வந்து, கிழிசலும் பெருகியிருக்கும் எனப் பின்னர் அறிந்தேன். தாங்களோ கருவியை இருந்த இடத்திலேயே நிறுத்தி, பக்கத் துளை வழியாக ஜெல்லைச் செலுத்திய பிறகே அதை வெளியே எடுத்தீர்கள். அடுத்த அரங்கிலிருந்த மூத்தவரை அழைக்கவும் தயங்கவில்லை. அந்தத் தயங்காமையைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்.

மூத்த மருத்துவர் ஐயா, டிரையாம்சினோலோன் மருந்தால் கண்ணுக்குப் புலப்படாத விட்ரியஸ் இழைகளை வெண்மையாக்கிக் கண்டு, அவற்றை வெட்டி நீக்கி, உறையின் முன்பகுதி உறுதியாயிருந்ததால் அதன்மீதே மூன்று பாகங்களாலான செயற்கை லென்ஸைப் பொருத்தினார். முன்னே தள்ளி அமரும் லென்ஸுக்குப் பவரைச் சற்றுக் குறைக்க வேண்டுமாம். அதுவும் கைவசம் இருந்தது. அவ்வளவு நேரமும் துணிக்கடியில் என் கையைப் பற்றியிருந்த செவிலியருக்கும் என் வணக்கம்.

அன்று மாலையே என் மனைவியையும் மகனையும் அமரவைத்து, படம் வரைந்து, நடந்ததை ஒளிக்காமல் எடுத்துரைத்தீர்கள். மின்னல் வெட்டுவதுபோலவோ, கரும்புள்ளிகள் மிதப்பதுபோலவோ தோன்றினால் விழித்திரை விலகலின் அறிகுறியாக இருக்கலாம், உடனே வர வேண்டும் என்றும் அறிவுறுத்தினீர்கள். அப்படி எதுவும் நேரவில்லை. கண் அழுத்தமும் சீராக இருக்கிறது, நாளிதழின் சிற்றெழுத்தும் கண்ணாடியுடன் தெரிகிறது.

இடக்கண்ணின் புரையையும் மருத்துவர் அம்மாவின் கையாலேயே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். தேதி குறித்துத் தருமாறு வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் நோயாளி